வயலுக்குச் செய்த பூட்ஸ் கடலுக்கு உதவாது: படகில் அணிந்து பார்த்த 3 சோடிகள்

மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து 18 அடி பைபர் படகில் தொழிலுக்குப் போகும் நான், கடந்த 2 ஆண்டுகளில் 3 சோடி பூட்ஸ்களை அணிந்து பார்த்துவிட்டேன். சில மாதங்கள் மச்சானுடன் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் படகிலும் போய் வந்ததால், சிறிய படகின் குறுகிய இடத்திலும் பெரிய படகின் அகன்ற தட்டிலும் அவை எப்படி உழைக்கின்றன என்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் இன்னும் வெறுங்காலுடன்தான் தொழில் செய்கிறார்கள். பழைய மரத் தோணியில் அது பெரிய குறையாக இருக்கவில்லை. பைபர் தட்டின் வழவழப்பில் சூரையின் இரத்தமும் ஐஸ் உருகிய நீரும் கலந்து பரவும்போது வெறும் பாதம் நிற்பதில்லை. வலையிலிருந்து விழும் கெளிற்றின் முள்ளும், துடிக்கும் திருக்கையின் வாலும் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக் கால் வைக்கவும் அந்த நேரத்தில் முடியாது.

முதலில் நான் வாங்கியது, மட்டக்களப்பு நகரில் ஓர் இரும்புக் கடையில் தொங்கிய முழங்கால் உயரக் கறுப்புக் கம்பூட்ஸ். பெரும்போகம் தொடங்கும் காலத்தில் வயற்காரர்கள் எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வாங்குகிற அதே வகை. அடியில் விரற்கடை ஆழத்துக்குப் பெரிய பெரிய கட்டைகள் இருந்ததால், இதைவிடப் பிடிப்பான பூட்ஸ் இருக்காது என்று நம்பி வாங்கினேன். படகில் ஏறிய அன்றே எங்கள் படகோட்டி அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வயலுக்கு நல்லம். கடலுக்குச் சரிவராது" என்றார். நான்காம் நாள் ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கித் திரும்பியபோது இடது கால் எனக்கு முன்னே போய்விட்டது. முழங்கால் குறுக்குப் பலகையில் மோதி, இரண்டு கிழமைகள் நொண்டிக்கொண்டு திரிந்தேன்.

அவர் சொன்னதன் காரணம் பின்னர்தான் புரிந்தது. ஆழமான கட்டைகள் சேற்றுக்குள் புதைந்து பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. பைபர் தட்டில் புதைவதற்கு எதுவும் இல்லை. அங்கே அந்தக் கட்டைகளின் நுனிகள் மட்டுமே தட்டைத் தொடுகின்றன, அவற்றுக்கும் தட்டுக்கும் இடையில் நீரும் மீன் வழுவழுப்பும் ஒரு மெல்லிய படலமாக அப்படியே நிற்கின்றது. அந்தப் படலத்தை வெளியே தள்ளி, இறப்பர் தட்டைத் தொடும்படி செய்வதுதான் படகுப் பூட்ஸின் அடியிலிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டிய வேலை. அதற்கு வேண்டியவை மென்மையான இறப்பரும், கத்தியால் கீறியதுபோன்ற நெருக்கமான மெல்லிய கீற்றுகளும் ஆகும். அமெரிக்கரான போல் ஸ்பெரி என்பவர், தம் நாய் பனிக்கட்டியில் வழுக்காமல் ஓடுவதைக் கண்டு, அதன் பாதத்திலுள்ள வெடிப்புகளைப் போல இறப்பர் அடியில் கீற்றுகள் வெட்டி, 1935இல் படகுச் சப்பாத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றும் நல்ல படகுப் பூட்ஸ்களின் அடி அந்த வழியிலேயே செய்யப்படுகிறது.

இரண்டாவது சோடி வெள்ளை நிறமானது. மீன் பதனிடும் இடங்களில் அணிகிற வகை. உட்புறத்தில், தொழிலிடக் காலணிகளுக்கான சர்வதேசத் தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 20347 என்ற இலக்கமும், அருகில் எஸ்.ஆர்.சி. என்ற எழுத்துகளும், எஃப்.ஓ. என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. சவர்க்கார நீர் ஊற்றிய ஓட்டிலும், கிளிசரின் பூசிய இரும்புத் தகட்டிலும் வைத்து வழுக்குமா என்று சோதித்து, இரண்டிலும் தேறியவற்றுக்கே எஸ்.ஆர்.சி. அடையாளம் கொடுப்பார்கள். 2022இல் அந்தத் தரம் திருத்தப்பட்டதால், புதிய பூட்ஸ்களில் எஸ்.ஆர். என்று மட்டும் இருக்கக்கூடும். எஃப்.ஓ. என்பது அடிப்பகுதி எரிபொருள் எண்ணெயைத் தாங்கும் என்பதைக் குறிப்பது. இஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இயற்கை இறப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும்; மலிவான பி.வி.சி. எண்ணெய் பட்டுப் பட்டு நாளடைவில் இறுகி, இறுகிய அளவுக்கு வழுக்கவும் தொடங்கும். நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர் கலந்தவை இதைத் தாங்குகின்றன.

இந்த வெள்ளைப் பூட்ஸின் பிடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பல நாள் படகின் தட்டில், அலை பக்கவாட்டில் அடித்தபோதும் கால் அசையவில்லை. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் முழங்கால்வரை மூடியிருப்பது பெரும் வேதனை. காலை 10 மணிக்குள் காலுறை வியர்வையில் ஊறிவிடும். மூன்றாம் நாள் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டது. பாரமும் அதிகம். மீன் நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தேன்: சோடி 2 கிலோ 100 கிராம். பதனிடும் இடத்தில் ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது பொருந்தும். படகின் முன்பக்கமான அணியத்துக்கும் இஞ்சினுக்கும் இடையே நாள் முழுவதும் தாவிக்கொண்டிருப்பவருக்கு மாலையில் தொடை கடுக்கும்.

இப்போது நான் அணிவது மூன்றாவது சோடி. கத்தாரில் வேலை செய்யும் தம்பி விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் இறப்பர் பூட்ஸ். கறுப்புக் கம்பூட்ஸின் விலையைப்போல மூன்று மடங்கு. அடியைக் கையால் வளைத்தால், மூடிக்கிடந்த கீற்றுகள் மீனின் செவுள்போலத் திறக்கின்றன. பெருவிரல் நகத்தை அழுத்தினால் தடம் விழுந்து மெல்ல மறைகிறது. கடையில் பூட்ஸ் வாங்குபவர்கள் இந்த இரண்டையும் செய்து பார்க்க வேண்டும் என்பேன். நகம் இறங்காத அடி எவ்வளவு அழகான கோலம் போட்டிருந்தாலும் அதை வாங்க வேண்டாம். சோடி 1 கிலோ 300 கிராம்தான். உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிக் காயவைக்கலாம் என்பது எனக்குப் பெரிய நன்மை. குறையும் உண்டு: வாடைக்காற்றுக் காலத்தில் அலைநீர் மேல்வாயால் உள்ளே வந்துவிடுகிறது. மழைக் காற்சட்டையை பூட்ஸுக்குள் செருகாமல் அதற்கு மேலே விட்டால் ஓரளவு தடுக்கலாம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் நின்றால் பாதம் சற்று வீங்கும் என்பதால், மாலையில், படகில் அணியும் அதே காலுறையுடன் போய் அளவு பார்ப்பது நல்லது. குதி மேலெழும்பி உராயக்கூடாது. ஆனால் கையைப் பயன்படுத்தாமல், ஒரு காலால் மற்றக் காலின் குதியை மிதித்துக் கழற்ற வர வேண்டும். கடலில் விழுந்தவரை பூட்ஸுக்குள் புகுந்த நீர் கீழே இழுத்துச் செல்வதில்லை, நீருக்குள் நீருக்குப் பாரமில்லை. ஆனால் காலடித்து நீந்துவது கடினமாகிவிடும், படகில் திரும்ப ஏறும்போது அந்த நீர் முழுவதும் பாரமாகத் தொங்கும். இறுக்கமான முழங்கால் பூட்ஸை நீருக்குள் கழற்றுவது எளிதல்ல. என் மூன்றாவது சோடியை ஒரு மாலை மட்டக்களப்பு வாவியில் கழுத்தளவு நீரில் நின்று கழற்றிப் பார்த்தேன். இரண்டு உதைப்பில் கழன்றது. வெள்ளைப் பூட்ஸ் கையால் இழுத்தும் வரவில்லை.

கரைக்கு வந்ததும் நன்னீரில் கழுவி, உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து, நிழலில் கவிழ்த்து வைக்கிறேன். மணலில் வெயில்படப் போட்டால் இறப்பர் வெடிக்கும். எட்டு மாதப் பாவனையில் மேற்பகுதிக்கு எதுவும் ஆகவில்லை. வலது குதியில் மட்டும் கீற்றுகள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றன. வலை இழுக்கும்போது நான் ஊன்றி நிற்கிற கால் அது. வாடை தொடங்குவதற்கு முன் அடுத்த சோடியை அனுப்பும்படி தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், படகோட்டிக்கும் சேர்த்து, 9ஆம் இலக்கத்தில்.