மெல்லிய தாள், நாலு நாள் பொறுமை

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய 200 பக்க நீள நோட்டு. தாள் மெல்லிசு, ஜெல் பேனா மை மறுபக்கம் ஊறுகிறது. அதனால் வலப்பக்கம் மட்டும் எழுதுகிறேன். இடப்பக்கம் பென்சில் திருத்தத்துக்கு. சரி, அதுவும் வசதிதான்.

ஒகேனக்கல் போய் வந்ததை, பரிசல், எண்ணெய் மசாஜ், வறுத்த மீன் என்று 40 நிமிடத்தில் கிறுக்கினேன். பிழையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் நோட்டை அரிசி டிரம் மேல் போட்டுவிட்டு நாலு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் படித்தால் யாரோ எழுதியது போல இருந்தது. முதல் பக்கம் முழுக்கப் பேருந்தில் இடம் பிடித்த கதை, யாருக்கு வேண்டும்? அடித்தேன். மீன்காரம்மாவிடம் பேரம் பேசித் தோற்றது இரண்டே வரி, அதைத்தான் வளர்த்தேன். அன்றைக்கே திருத்தியிருந்தால் பேருந்தைத்தான் மெருகேற்றியிருப்பேன்.

பைண்டிங் மோசம். நடுத்தாள் இப்போதே கழன்றுவிட்டது.