திரும்பி வரும் சர்வர்தான் தொல்லை: எங்கள் கால் சென்டர் மென்பொருள் அனுபவம்

ஓமலூர்ப் பக்கம் கால் சென்டர் ஆரம்பிக்கும் நண்பர் ஒருவர், நாங்கள் வைத்திருக்கும் மென்பொருளையே வாங்கலாமா என்று கேட்டார். ரெண்டு சர்வர், ரெண்டுக்கும் பொதுவாக ஒரே மெய்நிகர் ஐ.பி. (எந்த சர்வரிடம் இருக்கிறதோ அதற்குத்தான் கால் போகும் நெட்வொர்க் முகவரி), அது யாரிடம் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள கீப்அலைவ்டு என்ற புரோகிராம். வழக்கமான அமைப்புதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் ஏற்காட்டு மலைமேல் மேகம் திரண்டால் சாயங்காலம் நாங்கள் இருக்கும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கரண்ட் நிலையாக இருக்காது. முதல் சர்வர் விழுந்தால், அடுத்தது ஐ.பி.யை எடுத்துக்கொள்ள 4 வினாடிகூட ஆவதில்லை. முதல் சர்வரிடமிருந்து வினாடிக்கு ஒருமுறை வரும் 'இருக்கிறேன்' என்ற தகவல் மூன்று தடவை தவறினால் போதும், அது பொறுப்பேற்றுவிடும். பேசிக்கொண்டிருக்கும் கால் கட் ஆகும்தான். கால்களைக் கையாளும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் ஓடுகிற கால் அப்படியே இன்னொரு பெட்டிக்குத் தாவாது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் முதல் சர்வர் திரும்பி வரும்போதுதான். பூட் ஆன கையோடு ஐ.பி.யைப் பிடுங்கிக்கொள்ளும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக் கொலுசு ஆர்டர் சொல்லும் வெளியூர்க் கடைக்காரர், முதல்முறை கட் ஆனதும் பொறுமையாகத் திரும்ப அழைத்திருப்பார். எடை, டிசைன், ஜோடிக் கணக்கு எல்லாம் மறுபடி சொல்லி முடிக்கப் போகும்போது இன்னொரு கட். "அண்ணா, இனி என்ன சொல்லி அவரைக் கூப்பிடறது?" என்று ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே எங்கள் டீம் பெண் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. போதாததற்கு, இடையில் ரெண்டாவது சர்வரில் பதிவான கால் விவரம் எதுவும் முதலாவதற்குத் தெரியாது. டேட்டாபேஸ் நகலெடுப்பு முதலாவதிலிருந்து ரெண்டாவதுக்கு மட்டும் போகும் ஒருவழிப் பாதை.

சப்போர்ட்டில் ஸ்விட்சை மாற்றச் சொன்னார்கள், அப்புறம் கேபிளை, அப்புறம் யூ.பி.எஸ்.ஸை. சர்வர் எழுதிவைக்கும் லாக் பதிவை வரிவரியாகப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முன்னுரிமை எண் அதிகமுள்ள சர்வர் திரும்பி வந்தால் பொறுப்பை வாங்கிக்கொள்வது கீப்அலைவ்டின் இயல்பு. அதைத் தடுக்க அதன் அமைப்புக் கோப்பில் 'நோப்ரீஎம்ப்ட்' (பிடுங்காதே) என்ற வரி உண்டு. நிறுவியவர்கள் அதைப் போட்டும் இருந்தார்கள். ஆனால் அதே கோப்பில் சர்வரின் தொடக்க நிலை 'மாஸ்டர்' என்று இருந்தால் அந்த வரி வேலை செய்யாது. ரெண்டு சர்வரிலும் 'பேக்கப்' என்று எழுதினோம், தொல்லை அடங்கியது. இப்போது இரவு ஷிஃப்ட் முடிந்து, டேட்டாவைச் சரிக்கட்டிய பிறகு பொறுப்பை நாங்களே கையால் முதல் சர்வருக்கு மாற்றுகிறோம்.

போன வாரம் மென்பொருள் கம்பெனிக்காரர்கள் அப்டேட் போட்டார்கள். அந்தக் கோப்பில் தொடக்க நிலை மறுபடி 'மாஸ்டர்' ஆகிவிட்டது! சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

வேகமும் ரிப்போர்ட்டும் நன்றாகவே இருக்கின்றன. இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். வாங்கியே தீருவதென்றால், நிறுவ வந்தவர்கள் கிளம்பும் முன் ஒரு அழைப்பைப் பேச்சில் வைத்துக்கொண்டு முதல் சர்வரின் கரண்டைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். மறுபடி அழைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பச் சொருகச் சொல்லுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதையே செய்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.