ஸ்பானிஷ் நிகழ்காலம்: ஆறு மாதப் பயன்பாட்டில் தெரிவது

போன் செயலியில் தினமும் 20 நிமிடம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் ஸ்பானிஷ் நிகழ்காலம் கைக்கு வந்துவிடும். ஆனால் செயலியின் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. சேலத்துக்காரருக்கு அந்த ஆங்கிலம்தான் சுற்றுவழி.

'பேசுறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படியே. 'ஆப்லார்' (பேசுதல்) என்பதில் கடைசி 'ஆர்' போனபின் விகுதிதான் ஆளைச் சொல்லும்: ஆப்லோ (பேசுறேன்), ஆப்லாஸ் (பேசுறே), ஆப்லா (பேசுறான், பேசுறா), ஆப்லாமோஸ் (பேசுறோம்), ஆப்லான் (பேசுறாங்க). மரியாதைக்குரிய 'உஸ்தேத்' என்றால் 'நீங்க', அதற்கும் 'ஆப்லா'தான். ஆறாவதான 'ஆப்லாயிஸ்' பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்குவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் நன்றாகக் கைகொடுக்கும் இடம் 'மே குஸ்தா எல் கஃபே'. எனக்குக் காபி பிடிக்கும், அவ்வளவுதான். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்தான் 'ஐ லைக்' போல 'யோ' (நான்) போட்டு 'யோ குஸ்தோ' என்று தவறுகிறார். ஆனால் மாம்பழங்கள் என்று பன்மை வந்தால் 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. நம் 'பிடிக்கும்' மாறாது என்பதால் பன்மைக்கும் 'குஸ்தா' என்றே சொல்லும் பிழை போக நாளாகும். 'ரெண்டு வருஷமா சேலத்துல இருக்கேன்' என்பதும் நிகழ்காலமே: 'பீபோ என் சேலம் தெஸ்தே ஆஸே தோஸ் ஆன்யோஸ்'.

தமிழே காலை வாரும் இடங்களும் உண்டு. 'தினமும் காபி குடிப்பேன்' என்ற வழக்கத்துக்கு எதிர்கால 'பெபெரே' வேண்டாம், நிகழ்கால 'பேபோ' போதும். 'ஏற்காடு மலைமேல இருக்கு' என்று இடத்தைச் சொல்ல 'எஸ்தா' சரி. அதே பழக்கத்தில் 'உயரமா இருக்கான்' என்பதற்கும் 'எஸ்தா' போட்டால் தப்பு. இயல்பைச் சொல்வதால் 'எஸ் ஆல்தோ'.

வேர் மாறும் வினைகளை மனப்பாடம் செய்வது வீண். இந்த வகை வினைகளில் அழுத்தம் வேரில் விழுந்தால் 'ஓ' உடைந்து 'உவே' ஆகும்: போதேர் (முடிதல்), புவேதோ (என்னால் முடியும்). 'போதேமோஸ்' (நம்மால் முடியும்) என்பதில் அழுத்தம் விகுதிக்கு நகர்வதால் 'ஓ' அப்படியே நிற்கிறது. இதைக் காதால்தான் பிடிக்க முடியும்.

செயலியின் பெரிய குறை இங்கேதான். தயாராக இருக்கும் சொல்லைத் தொட்டாலே மதிப்பெண் தந்துவிடுகிறது. விகுதியை நாமே உண்டாக்க விடுவதில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. போனை மூடிவிட்டு வளைவுக்கு ஒரு வினை எடுத்து, ஐந்து வடிவத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.