கோயில் குழுவுக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி சரிப்படுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துக் கோயில் ஒன்றின் காவடி வேலை முழுவதும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் ஓடினால், கூட்ட நேரம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். பல குரூப்புகளை ஒரே குடையின்கீழ் வைக்கும் கம்யூனிட்டி வசதி 2022 நவம்பரில் வந்தது; அது இந்தத் தலைவலியைத் தீர்க்கிறது. செலவும் இல்லை.

கம்யூனிட்டி தொடங்கியதும் அறிவிப்புக் குரூப் தானாகவே வந்துவிடும். அதில் அட்மின் மட்டுமே அறிவிப்புப் போடலாம். ஏற்கெனவே உள்ள குரூப்புகளைக் கம்யூனிட்டியின்கீழ் சேர்த்துக்கொள்ளலாம். அன்னதானம், தேர், பால்குடம், பார்க்கிங் என நான்கு போதும். பத்து வைத்தால் எதை எங்கே கேட்பதென்று புரியாமல் எல்லோரும் தலைவருக்கே போன் போடுவார்கள்.

சாதாரண குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பிலோ அட்மின் தவிர, முன்பின் தெரியாத மற்றவர்களுக்கு உங்கள் நம்பர் தெரியாது. தனிநபர் தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் உள்ள நாட்டில் இதற்காகவே மாறலாம்.

வாக்கெடுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘சனி காலையா, ஞாயிறு மாலையா’ என்று கேட்கும்போது, பல விடைகளை அனுமதிக்கும் பொத்தான் முதலிலேயே ஆன் ஆகியிருக்கும். ஒருவரே இரண்டையும் தொடுவார்; எண்ணிக்கை குழம்பும். அனுப்பும் முன்பே அதை அணைத்துவிடுங்கள்.

பதிவேடாக மட்டும் இதை நம்பவே கூடாது. புதிதாகச் சேர்பவருக்குப் பழைய முடிவுகள் தானாகத் தெரியாது. குரூப்பின் மேலே குத்திவைக்கும் (pin) செய்தியும் அதிகபட்சம் 30 நாள்தான் அங்கே நிற்கும். கூட்டக் குறிப்பு, நன்கொடைக் கணக்கு இரண்டையும் கூகுள் டாக்ஸில் வைத்து, இணைப்பை குரூப் விவரத்தில் போடுங்கள். குரல் பதிவில் சொன்ன முடிவையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பிறகு தேடினால் எழுத்துதான் அகப்படும்.

பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரு பாடம் போதும். முதலில் பேச்சுக் குரூப்புகளை ம்யூட் செய்து, அறிவிப்புக்கு மட்டும் சத்தம் வரும்படி அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். மின்வெட்டில் டவர் பேட்டரி தீர்ந்தால் செய்தி தாமதமாகும். அன்றன்றைய மாற்றத்தை முன்கூட்டியே போனில் சொல்வதே நல்லது.

அட்மின் குறைந்தது மூன்று பேர் வேண்டும். மூவரும் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் இரண்டு-படிச் சரிபார்ப்புக்கான பின் எண் வைக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் தரக்கூடாது. அது கைமாறினால் கோயில் பெயரிலேயே நன்கொடை கேட்டுச் செய்தி போகும்.