ஜங்கிள் கார்பைன் என்று சொல்லி என் தலையில் கட்டியது வெட்டிய நம்பர் 4

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். ஜங்கிள் கார்பைன் எனப்படும் லீ-என்ஃபீல்ட் நம்பர் 5 (பிரிட்டிஷ் ராணுவத்தின் நீளமான நம்பர் 4-இன் குட்டை வடிவம்) தேடுபவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்கு 900 டாலர் போயிற்று.

இதன் மேல் ஆசை வந்ததே தாத்தாவால்தான். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1948க்குப் பிறகு அவசரகாலத்தில் தோட்டத்து வழியே ரோந்து வந்த சிப்பாய்கள் கையில், குழல் வாயில் புனல் மாட்டிய குட்டைத் துப்பாக்கி இருந்ததைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். மூன்று வருடம் தேடி, கடைசியில் இணைய ஏலத்தில் ஒரு வியாபாரியிடம் கிடைத்தது. "அசல், எல்லாப் பாகங்களின் எண்களும் ஒன்றே" என்று போட்டிருந்தார். ஏழு படங்கள், ஏழும் வலப்பக்கத்தை மட்டும் காட்டின. நம்பர் 5 என்ற பெயர், சீரியல் நம்பர், வருடம் எல்லாம் இடப்பக்கத்தில்தான் இருக்கும்!

பெட்டியைப் பிரித்துத் தூக்கியதுமே கனம் உறுத்தியது. அசல் சுமார் 3.2 கிலோதான். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, குழலை மூடும் மேல் மரத்தைக் கழற்றிப் பார்த்தேன். எடை குறைப்பதற்காக, குழல் உடலோடு சேரும் தடித்த பகுதியில் நம்பர் 5-க்குப் பள்ளம் பள்ளமாகக் கடைந்திருப்பார்கள். இதில் ஒன்றுமில்லை, மொழுமொழுவென்று முழு உருளை. பின்குறி (தூரத்துக்கு ஏற்றபடி குறி வைக்கும் பின்பக்க அளவுகோல்) 1300 கெஜம் வரை போகிறது, நம்பர் 5-க்கு 800 தான். குண்டு ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்னால் எண் பொருந்தியது உண்மை, ஆனால் பூதக்கண்ணாடி வைத்தால் பழைய எண்ணை அரைத்த குழியும், அதன் அடியில் ஒரு 7-இன் வாலும் தெரிகிறது. நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

அதாவது நம்பர் 4 ஒன்றின் குழலை வெட்டி, புனலை மாட்டி, எண் குத்தியிருக்கிறார்கள். 1944 முதல் 1947 வரைதான் அசல் செய்தார்கள், அதனால்தான் இந்த விலை. வெட்டிய நம்பர் 4 என்று சொல்லியிருந்தால் பாதி கூடக் கொடுத்திருக்க மாட்டேன். பணத்தை விட எனக்குப் பயம் வேறு: என்னிடம் இருப்பது மூன்று வருடத்துக்கு 30 டாலர் கட்டும் சேகரிப்பாளர் உரிமம். அதில் நேரே வீட்டுக்கு வரவழைக்கலாம்தான், ஆனால் அசல் வடிவம் மாறாத பழைய துப்பாக்கியை மட்டும். இதை அப்படி அனுப்பியதே தப்பு.

எழுதிக் கேட்டால் "இருந்தபடியே விற்றேன், திருப்ப முடியாது" என்று ஒரே வரி பதில். கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. சரி, அது நடக்கும்போது நடக்கட்டும். நீங்கள் வாங்கும் முன் இடப்பக்கம், போல்ட் எண், மேல் மரம் கழற்றிய குழல், இந்த மூன்று படங்களையும் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேற்று அதே ஆள் இன்னொரு 'நம்பர் 5' போட்டிருக்கிறார், அதற்கும் வலப்பக்கப் படங்கள்தான்.