போக்கிமானா, யூ-கி-ஓவா: முதல் டெக் வாங்கும் முன்

இரண்டும் ஜப்பானில் பிறந்த கார்டு விளையாட்டுகள்: போக்கிமான் கார்டு 1996-ல், கோனாமியின் யூ-கி-ஓ 1999-ல். இரண்டிலும், டெக் எனும் சொந்தக் கார்டுக் கட்டிலிருந்து இறக்கும் கற்பனை உயிரினங்கள்தான் மோதுகின்றன. ஆனால் பெரிய உயிரினம் ஒன்றைக் களத்துக்குக் கொண்டுவர என்ன செலவாகும் என்பதில் இரண்டும் நேரெதிர். உங்கள் முடிவு அதைப் பொறுத்தே இருக்கட்டும்.

போக்கிமானில் 1999 பேஸ் செட் தொகுப்பின் சாரிசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 120 எச்.பி. (உயிர்ப் புள்ளிகள்), ‘ஃபயர் ஸ்பின்’ தாக்குதலுக்கு 100 சேதம். ஆனால் அது நேரடியாக வராது, படிப்படியாக வளர வேண்டும்: முதலில் சார்மாண்டர், அடுத்த டர்னில் (உங்கள் முறையில்) சார்மீலியன், அதற்கும் அடுத்த டர்னில்தான் சாரிசார்டு. தாக்குதலுக்கு எரிபொருள் போன்ற எனர்ஜி கார்டை ஒரு டர்னுக்கு ஒன்றுதான் வைக்கலாம். இந்தத் தாக்குதலுக்கு நான்கு வேண்டும், அடித்ததும் இரண்டைக் கழிக்க வேண்டும். எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. புதிதாக ஆடுபவருக்கு இந்த நிதானம்தான் வரம்.

யூ-கி-ஓவில் எனர்ஜி என்றே ஒன்று கிடையாது. புளூ-ஐஸ் ஒயிட் டிராகன் லெவல் 8, தாக்கும் பலம் 3000. முறைப்படி இறக்க, களத்திலுள்ள இரண்டு மான்ஸ்டர்களைப் பலி கொடுக்க வேண்டும். இப்படி இறக்கும் சாதாரண சம்மன் டர்னுக்கு ஒன்றுதான். கார்டுகளின் விளைவு போன்ற வேறு வழிகளில் இறக்கும் ஸ்பெஷல் சம்மனுக்கோ பொதுவான வரம்பு இல்லை. அதனால் இன்றைய டெக்குகள் முதல் டர்னிலேயே களத்தை நிரப்பிவிடும். ஆஷ் பிளாஸம் போல, எதிராளியின் டர்னில் கையிலிருந்தே வீசித் தடுக்கும் கார்டுகள் இல்லாவிட்டால், உங்கள் முறை வரும் முன்பே ஆட்டம் கைநழுவும். கார்டிலுள்ள பொடி எழுத்தை வரிவரியாகப் படிக்கும் பொறுமையும் வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு போக்கிமானே சரி.

டெக் கட்டும்போது நடக்கும் தவறுகளும் வேறு வேறு. போக்கிமானில் சரியாக 60 கார்டு, தொடக்கக் கையில் 7. அதில் பேசிக் போக்கிமான் (சார்மாண்டர் போல நேரடியாக இறக்கக்கூடியது) ஒன்றாவது இல்லையென்றால் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். எதிராளிக்குக் கூடுதல் கார்டு எடுக்கும் உரிமை கிடைக்கும். டெக்கில் பேசிக் 4 மட்டும் இருந்தால் 60 சதவீதக் கைகள் இப்படி வீணாகும். 8 இருந்தால் 35, 12 இருந்தால் 19. எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுக்கும் பரிசுக் கார்டுகளாக ஆரம்பத்திலேயே 6 ஒதுங்கிவிடுவதால், ஒரே பிரதி வைத்த முக்கிய கார்டு அங்கே சிக்க 10 சதவீத வாய்ப்பு உண்டு. உயிர்நாடியான கார்டில் இரண்டாவது பிரதி அவசியம்.

யூ-கி-ஓவின் மெயின் டெக், அதாவது கார்டு எடுத்து ஆடும் முக்கியக் கட்டு, 40 முதல் 60 கார்டு வரை. தாராளமாக 60 வைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மூன்று பிரதி வைத்த கார்டு, ஐந்து கார்டு கொண்ட முதல் கையில் வரும் வாய்ப்பு 40-ல் 34 சதவீதம், 60-ல் 23தான். 40-லேயே நில்லுங்கள்.

செலவு: போக்கிமானின் ‘ஸ்டாண்டர்டு’ வகைப் போட்டிகளில் பழைய கார்டுகள் காலாவதியாகும். எது இன்னும் செல்லும் என்பதை அறிய, கார்டின் கீழ் இடது மூலையிலுள்ள எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். யூ-கி-ஓவில் அப்படி இல்லை, தடைப்பட்டியல் மட்டுமே உண்டு. ஆனால் உங்கள் டெக்கின் மையக் கார்டு அதில் ஏறினால் மொத்த டெக்கும் முடங்கும்.

ஸ்லீவ் (கார்டு உறை) வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். போக்கிமான் கார்டு 63 × 88 மி.மீ., யூ-கி-ஓ 59 × 86. பெரிய ஸ்லீவில் யூ-கி-ஓ கார்டு ஆடி ஆடி ஓரம் தேயும். பளபளக்கும் ஃபாயில் கார்டு வளைவது இரண்டிலும் உண்டு. காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, மேலே ஒட்டிய ஃபாயில் விரிவதில்லை. மூடிய பெட்டியில் ஒரு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள்.