இன்டர்சிட்டி 125: பாம்பன் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

ராமேஸ்வரத்தோடு தண்டவாளம் முடிகிறது. இன்ஜின் இழுத்து வரும் வண்டி திரும்ப வேண்டுமென்றால் கப்ளிங்கைக் கழற்றி, இன்ஜினைப் பக்கத்து லைனில் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் மாட்டி, ஏர் பிரேக்கைச் சோதித்தாக வேண்டும். 1976 அக்டோபர் 4 அன்று லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஓடத் தொடங்கிய இன்டர்சிட்டி 125 என்ற பிரிட்டிஷ் டீசல் வண்டியில் இந்த வேலையே கிடையாது. அப்படியொரு வண்டி நம் கரைக்குச் சரிப்படுமா என்று பார்ப்போம். இரு முனையிலும் ஒவ்வொரு பவர் கார், அதாவது இன்ஜினும் டிரைவர் அறையும் உள்ள பெட்டி; டிரைவர் முனை மாறினால் போதும். ஒரு இன்ஜின் படுத்துவிட்டாலும் மற்றது வேகம் குறைத்து ஊர் சேர்க்கும்.

மணிக்கு 201 கி.மீ. வேகம் நமக்குத் தேவையில்லை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 50 கி.மீ.க்குச் சற்று மேல்தான். புதிய பாம்பன் பாலத்தில் அனுமதித்த வேகம் மணிக்கு 75 கி.மீ., கப்பலுக்காக மேலே தூக்கும் பகுதியில் 50. பார்க்க வேண்டியது எடையை. ஒரு பவர் கார் 70 டன், 4 அச்சு, 2,250 குதிரைத்திறன், அச்சுக்கு 17.5 டன். நம் ரயில்வேயின் பழைய டீசல் இன்ஜினான டபிள்யூ.டி.எம்.-2 சுமார் 113 டன், 6 அச்சு, 2,600 குதிரைத்திறன், அச்சுக்கு 18.8 டன். அதைவிட முக்கியம், சக்கரத்தைச் சுழற்றும் மின்மோட்டார் இருக்கும் இடம். டபிள்யூ.டி.எம்.-2இல் மோட்டாரின் பாதி எடை ஸ்பிரிங் தாங்காமல் நேராக அச்சிலேயே உட்காரும். தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் அடி விழும். 125இல் மோட்டார், ஸ்பிரிங் தாங்கும் போகியின் (சக்கரங்களைப் பூட்டிய அடிவண்டியின்) சட்டத்தில் இருப்பதால் அந்த அடி குறைகிறது. பாம்பன் போன்ற கர்டர் (இரும்பு உத்தர) பாலத்துக்கு இதைவிட நல்ல குணம் வேறில்லை.

பெட்டிகளுக்கு மின்சாரம் பவர் காரிலிருந்தே போகிறது. தனி ஜெனரேட்டர் வண்டி வேண்டாம். டிஸ்க் பிரேக்கும் நன்று. கதவு மட்டும் நமக்கு ஆகாது: ஆரம்பத்தில் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டிக் கைப்பிடியைத் திருப்பித்தான் திறக்க வேண்டும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அது ஆபத்து.

பெரிய குறை குளிர்விப்பு. 125இல் முதலில் இருந்த பாக்ஸ்மன் வலெண்டா டீசல் இன்ஜின் இங்கிலாந்து வெயிலுக்கே சூடேறித் தொல்லை கொடுத்தது. நீர்மட்டம் இறங்கினால் தானாக நின்றுவிடும். பின்னாளில் பெரும்பாலான பவர் கார்களில் எம்.டி.யு. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் இன்ஜினுக்கு மாற்றினார்கள். பாம்பன் பாலத்தின் இக்கரையிலுள்ள மண்டபம் ஊரில் கச்சான் (தென்மேற்கு) காற்று மணலையும் உப்பையும் ரேடியேட்டர் இடுக்கில் அடைத்துவிடும். ஆகவே ரேடியேட்டர் பெரிதாகவும், சல்லடை கழற்றிக் கழுவத் தோதாகவும் இருந்தால்தான் இந்தக் கரைக்குச் சரிப்படும். கழுவுவதும் நல்ல தண்ணீரில், காற்று நுழையும் திசைக்கு எதிராக, மெல்லிய அழுத்தத்தில். பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிக் காற்று போகாது. மோட்டார் இன்சுலேட்டரில் படியும் உப்பைத் துணியால் துடைத்து உலரவிட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்; ஈர உப்பில் மின்சாரம் கசிந்தால் மோட்டாரே எரிந்துபோகும்.